நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்த பிறகு

வாகைவிளைப் பேரூராட்சி அலுவலகத்துக் கம்ப்யூட்டரை ஒரு நாள் காலை சுடலைவடிவு வழக்கம்போலப் போட்டபோது, திரையில் வெளிச்சம் வருவதற்கு முன்னால், அதன் பின்பக்கத்திலிருந்து, அரைக்கைச் சட்டை போட்ட, விரலெல்லாம் மை ஒட்டிய ஒரு மனிதர், சுவருக்கும் மேசைக்கும் நடுவே இருந்த ஒரு சாண் சந்தில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு வெளியே வந்து, வணக்கம் சொல்லி, மூலையில் முன்பு பிரிண்டர் இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “தாள் இல்லை” என்றார்.

வடிவு பயப்படவெல்லாம் இல்லை. காலை ஐந்தே முக்காலுக்கு, தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடிவந்து, ஆளில்லாத அலுவலகத்தைத் திறக்கிற ஒப்பந்த ஊழியருக்கு, எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது இதற்கு யாரிடம் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்பதுதான்.

“பிரிண்டரே இல்லியே. அதை எடைக்குப் போட்டு ரெண்டு வருசம் ஆச்சே” என்றாள்.

“அது எனக்குத் தெரியாது தாயி. கூப்பிட்டாவ, வந்தேன்.”

பத்தரை மணிக்கு வந்த செயல் அலுவலர் தேவசகாயம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூலையில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாரா?” போட்டிருந்தார். அதோடு அந்த விவகாரம் முடிந்தது. சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்ததும் அந்த மனிதர் வந்த வழியே போனார், மறுநாள் காலை போட்டதும் வந்தார். ஊர் அவருக்கு அச்சு ஐயா என்று பேர் வைத்தது.

அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர் சாதாரணப்பட்டதில்லை. ஊருக்கே குடிதண்ணீர் திறந்துவிடுவது அதுதான். நவீனத் திட்டம் ஒன்று வந்து, மேல்நிலைத் தொட்டியில் வால்வு திருகிக்கொண்டிருந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. வடிவு ஐந்தே முக்காலுக்கு அதைப் போட்டால் ஆறு மணிக்குத் தெருக்குழாய்களில் தண்ணீர் வரும், ஏழு மணிக்குத் தானாக நிற்கும். அந்தத் திட்டத்துக்குப் பின்னாலேயே மற்ற திட்டங்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது கூடவே ஒரு புரோகிராமைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றும், ரிப்பன் வெட்டும், லட்டு கொடுக்கும், எட்டு மாதம் கழித்து மேலிடத்தில் யாரோ மாறியதும் போய்விடும். திட்டம் போனது, பேனர் போனது, புரோகிராமைக்கூட அழித்தார்கள். ஆனால் அது காலையில் கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழுந்திருக்கவேண்டும் என்று போட்டுவைத்த உத்தரவை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. வேலை போன பிறகும் கூப்பிடுகிற குரல் மட்டும் ஓயாமல் இருந்தது, கூப்பிட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அச்சு ஐயாவுக்குப் பின்னால் காவல்காரர் வந்தார். காக்கி உடுப்பும் ஊதலுமாக வந்த அவர், முப்பது நாளைக்கு இலவசம் என்று ஏற்றிய வைரஸ் தடுப்புக்காரர். முப்பது நாள் முடிந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து ஊதலை ஊதி, “ஆபத்து! உங்களுக்கு இன்னும் பூஜ்யம் நாட்களே உள்ளன! உடனே புதுப்பிக்கவும்!” என்று கத்துவார். பென்ஷன் மனு கொடுக்க வந்த இரண்டு பேர் அதைக் கேட்டு அப்படியே திரும்பிப் போய்ச் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வானிலைக்காரர் வந்தார். யாரும் அவருக்கு ஊர் மாற்றிக் கொடுக்காததால், கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு குளிர்தேசத்துப் பட்டணத்தின் வானிலையைத்தான் தினமும் சொல்வார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது அலுவலகப் படியில் நின்று, “இன்று பலத்த பனி பெய்யும், வண்டிகளை மெதுவாக ஓட்டவும்” என்பார். பிறகு, புரோகிராம்களுக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடுவதற்காக ஏற்றிய, ஒரே ஜாடையில் இரட்டையர் இருவர் வந்தார்கள். அவர்களை அனுப்பிய கம்பெனி திவாலாகிப் பெயரே மறைந்துபோய்விட்டது. அவர்களோ பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, “புதுசா எதுவும் வந்திருக்கா?” என்று கேட்டார்கள். பிறகு கழிப்பறைக் கணக்கெடுப்புக்காரர். பிறகு, மரம் நடும் திட்டத்துக்காரர். பிறகு, பிறகு என்று மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று பேர்.

இவர்களில் ஒவ்வொருவரும் சந்து வழியாக வந்து, வணக்கம் சொல்லி, தன் இடத்தைத் தேடி, அங்கே வேறு யாராவது இருந்தால் சண்டை போட்டு, சமாதானமாகி, உட்காரவேண்டும். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் கம்ப்யூட்டர் திறக்கும். கம்ப்யூட்டர் திறந்த பிறகுதான் தண்ணீர். ஆறு மணித் தண்ணீர் ஏழு மணி ஆனது, ஒன்பது ஆனது, பதினொன்றே கால் ஆனது, மூன்றாம் வருடக் கோடையில் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது.

இதற்காக வாகைவிளை கொதித்து எழுந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். வாகைவிளை அப்படிப்பட்ட ஊர் இல்லை. அது தன்னைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டது. ஹோட்டல்காரர் இட்லியைச் சாயங்காலப் பலகாரமாக்கினார். ஜோசியர் பஞ்சாங்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டி, இந்த ஊரின் ராசிக்கு முகூர்த்தம் மூன்றரைக்கு மேல்தான் வாய்க்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று ஜனங்கள் நடுப்பகல் வரை தூங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் குளிக்காமல் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பெஞ்சு என்று ஆரம்பித்து, கடைசியில் குளித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குத்தான் தனிப் பெஞ்சு போடவேண்டியிருந்தது.

நாற்பத்து மூன்று பேரையும் ஊர் அப்படியே வாரி அணைத்துக்கொண்டது. வானிலைக்காரரை நம்பி மெயின் ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஸ்வெட்டர் இறக்கினார், விற்கவும் செய்தார். கழிப்பறைக் கணக்கெடுப்புக்காரர் தினமும் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டி எண்ணிவிட்டு வந்ததால், அவரை வைத்து இரண்டு கல்யாணங்களுக்கு வரன் விசாரித்தார்கள். “ஒரு வீட்டை உள்ளும் புறமும் அறிஞ்சவரு அவரு ஒருத்தருதான்” என்றார்கள். இரட்டையரை டீக்கடை வாசலில் உட்காரவைத்தால் கூட்டம் சேர்ந்தது. பேரூராட்சித் தலைவர் பொன்னுலிங்கம் எல்லோரையும்விட ஒரு படி மேலே போய், நாற்பத்து இரண்டு பேருக்கு வாக்காளர் அட்டை வாங்கிக் கொடுத்தார்.

நாற்பத்து மூன்றாவது ஆளுக்கு வாங்க முடியவில்லை. அவருடைய பேரை யாராலும் வாசிக்க முடியவில்லை. எழுத்தும் எண்ணுமாகக் கலந்து, நடுவில் இரண்டு கோடு போட்டு, ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. அழுக்குப் பழுப்புச் சட்டை போட்ட ஒடிசலான ஆள். கடைசியாக வருவார், யாரோடும் இடத்துக்குச் சண்டை போடமாட்டார், மாடிப்படிக்கு அடியில் துடைப்பக்கட்டைக்குப் பக்கத்தில் போய் இருந்துகொள்வார். மற்றவர்களுக்கு டீ வரும்போது தூக்குவாளி அந்தப் படிக்கு முன்னாலேயே காலியாகிவிடும். அவர் கேட்டதும் இல்லை.

வடிவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். கணவன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வடக்கே. தெருக்குழாயில் நிற்கும் பெண்கள் தலைவரையோ செயல் அலுவலரையோ திட்டவில்லை. பொத்தானை அழுத்துகிறவள் கண்ணெதிரே இருக்கும்போது வேறு யாரைத் திட்டுவது? “ஒம் பொட்டியில என்னத்தத்தான் வச்சிருக்க?” என்று குடத்தைத் தரையில் ணங்கென்று வைப்பார்கள். ஒரு நாள் அந்த ணங்கென்ற சத்தம் பொறுக்காமல், மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் திறந்ததும், அவள் அதன் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் துழாவிப் பார்த்தாள். அங்கே ஒரு பட்டியல் இருந்தது. இயந்திரம் எழும்போது எழுப்பவேண்டியவர்கள். நாற்பத்து மூன்று பேர், ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக்.

அச்சு ஐயாவின் டிக்கை எடுத்தாள். அழித்த அவருடைய புரோகிராம் விட்டுப்போன கோப்புகள் ஒரு மூட்டைமுடிச்சாக வேறு இடத்தில் கிடந்தன, அதைத் தொடாமல் விட்டாள்.

மறுநாள் அவர் வரவில்லை. தண்ணீர் நாலு நிமிடம் முன்னதாக வந்தது. அந்த நாலு நிமிடத்தை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை, ஆனால் மூலை காலியாக இருப்பதை ஊரே கவனித்தது. காணவில்லை என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பொன்னுலிங்கம் போன் செய்தார். தேவசகாயம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வடிவம்மா, ஒரு ஓட்டும்மா அது.”

அவள் டிக்கைத் திரும்பப் போட்டாள். அடுத்த காலை சந்து வழியாக வந்த அச்சு ஐயா வணக்கம் சொல்லவில்லை. நேராக அவளிடம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“ஏன் தாயி திரும்பக் கூப்பிட்ட?”

வடிவு திகைத்துப் போனாள். “நீங்க இல்லாம ஊரே தேடுச்சு ஐயா.”

“ஊரு தேடட்டும். மூணு வருசத்துல நேத்து ஒரு நாளுதான் நான் கண்ணசந்தேன். தாளும் இல்லாம பிரிண்டரும் இல்லாம ஒரு மூலையில குத்தவச்சு இருக்கது என்ன வேலைன்னு நெனைக்க? இவங்கல்லாம் டீ குடிச்சிக்கிட்டுச் சந்தோசமா இருக்காவன்னு நெனைக்கியா? கூப்பிட்டா வந்துதான் ஆகணும். எங்களுக்கு வராம இருக்கத் தெரியாது.”

வடிவு அன்று சாயங்காலம் வரை அந்த மூலைப் பக்கம் பார்க்காமலே வேலை பார்த்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, லூர்தம்மாளின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. பணியாரம் சுட்டு விற்கிறவள், தனிக்கட்டை. அடுப்புப் பொறி ஓலையில் ஏறியதை முதலில் பார்த்தவர் காவல்காரர்தான். தெருத்தெருவாக ஓடி ஊதலை ஊதி, “ஆபத்து! ஆபத்து!” என்று தொண்டை கிழியக் கத்தினார். மூன்று வருடமாக அதையே கேட்டுப் பழகிய ஜனம் புரண்டு படுத்தது. புகை மூக்கில் ஏறிய பிறகுதான் எழுந்து ஓடினார்கள். குழாயைத் திருகினால் காற்று வந்தது. வடிவு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருபத்தெட்டாவது ஆள்தான் சந்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். “சீக்கிரம் வாங்க, சீக்கிரம் உக்காருங்க” என்று கையைப் பிடித்து இழுத்து இழுத்து உட்காரவைத்தாள். மரம் நடுகிறவர் தன் நாற்காலியில்தான் உட்காருவேன் என்று நின்றார். பக்கத்து ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. பணியாரச் சட்டியை எடுக்க உள்ளே கைவிட்ட லூர்தம்மாளுக்கு முழங்கை வரை வெந்துபோனது. வானிலைக்காரர் அந்தக் கரிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று, இன்று குளிர் அதிகமாக இருக்கும் என்று அறிவித்தார்.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்கள். ஏதாவது செய்தாகவேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அரசின் நடவடிக்கை மக்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றார் பொன்னுலிங்கம். தேர்தலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. நாற்பத்து இரண்டு ஓட்டைத் தொடவும் முடியாது, தொடாமல் இருக்கவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் விவாதித்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பேர் தெரியாத நபரை உடனடியாக நீக்குவதென்றும், மற்ற நாற்பத்து இரண்டு பேருக்கும் கோடையை முன்னிட்டு மோர் வழங்குவதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு வடிவு மாடிப்படிக்கு அடியில் போனாள். நீக்குவதற்கு முன்னால் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அச்சு ஐயா பேசியது அவளுக்குள் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

“உங்க பேரு எனக்கு வாசிக்க வரலை. கோவிச்சுக்காதீங்க. நீங்க இங்க என்ன செய்யுதீய?”

அவர் எழுந்து நின்றார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“என்னையா கேக்கீய?”

“உங்களைத்தான்.”

“தண்ணி தொறந்து விடுதேன்” என்றார்.

அவள் அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாரும் உக்காந்த பொறவுதான் எனக்கு வழி கிடைக்கும். உடனே போயி வால்வைத் தொறப்பேன். ஒரு மணி நேரம் எண்ணிக்கிட்டே இருப்பேன். மூடிருவேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது தாயி.”

வடிவு ஓடிப்போய்ச் செயல் அலுவலரிடம் சொன்னாள். மூச்சு வாங்கியது. இவரை எடுத்தால் நாளைக்கு மூன்று மணிக்கும் வராது, எந்த மணிக்கும் வராது என்றாள். தேவசகாயம் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தீர்மானம் போட்டாச்சேம்மா” என்றார். “தண்ணி வரலைன்னா அதுக்கு வேற ஒரு தீர்மானம் போட்டுக்கிடலாம்.”

நாலரை மணிக்கு மோர் வந்தது. அலுவலர்கள் எல்லோரும் பந்தலுக்குப் போன நேரத்தில், வடிவு நாற்பத்து இரண்டு பேரையும் கூடத்தில் கூட்டினாள். என்ன பேசவேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

“நாளைக்கு வரவேண்டாம்னு சொன்னா உங்கள்ல யாருக்குச் சம்மதம்?”

மை ஒட்டிய கைதான் முதலில் எழுந்தது. அடுத்தது இரட்டையரின் கைகள், ஒரே நேரத்தில். கழிப்பறைக் கணக்கெடுப்புக்காரர் கைதூக்கிக்கொண்டே, “ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணுதாம்மா இருக்கு. தெனம் தெனம் எண்ணினாலும் ஒண்ணுதான் இருக்கு” என்று சொல்லி அழுதுவிட்டார். ஒவ்வொரு கையாக ஏறியது. காவல்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் உட்கார்ந்தாள். டிக்கை எடுத்தாள், பிறகு அவரவர் மூட்டைமுடிச்சைத் தேடிப்பிடித்து அதையும் அழித்தாள், ஒன்று விடாமல். ஒவ்வொரு மூட்டை போகும்போதும் கூடத்தில் ஒருவர் எழுந்து, கும்பிட்டு, சந்துக்குள் நுழைந்தார். வானிலைக்காரர் போகும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, முதல்முறையாக, “வெயிலா அடிக்குது?” என்று கேட்டார். காவல்காரரின் டிக்கை எடுத்தால் அது திரும்பவும் விழுந்தது. மூன்று தரம் எடுத்தாள், மூன்று தரமும் அவர் எட்டிக் கைநீட்டிப் போட்டுவிட்டார்.

“நான் போயிட்டா ஆபத்து” என்றார்.

“தீயைப் பாத்துச் சரியாத்தான் கத்தினீரு” என்றார் அச்சு ஐயா. அவர் சந்துக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார். “அதுக்கும் முன்னால மூணு வருசம் சும்மா கத்தினீரே, அதுதான்வே கெடுத்துச்சு. வாரும், போவோம்.” காவல்காரர் ஊதலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு ஒரு சாண் சந்துக்குள் போனது வடிவுக்கு எப்படி என்று விளங்கவில்லை. நாற்பத்து இரண்டு டிக் போயிருந்தது. எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளப் பேருக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று நின்றது.

மறுநாள் ஆறு மணிக்கு வாகைவிளையில் தண்ணீர் வந்தது. மூடாமல் விட்டிருந்த குழாய்களிலெல்லாம் கொட்டித் தெருவில் ஓடி, தூங்கிக்கொண்டிருந்த வீடுகளின் வாசல்படியை நனைத்தது. ஊர் அலறியடித்துக்கொண்டு எழுந்தது. முதல் வாரம் ஒரே வசவு. விடியாமல் எழுப்பிவிடுகிறார்கள் என்று கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரர் மிச்ச ஸ்வெட்டரோடு வந்து நஷ்டஈடு கேட்டார். இரண்டாவது வாரம் காலையில் இட்லி கிடைத்தது. மூன்றாவது வாரம், இந்த ஊரில் தண்ணீர் எப்போதுமே ஆறு மணிக்குத்தான் வரும் என்று வெளியூர்ச் சம்பந்திகளிடம் பெருமையாகச் சொன்னார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னுலிங்கம், நாற்பத்து இரண்டு ஓட்டை எண்ணி அழுவதை நிறுத்திவிட்டு, தான் ஒரு குழாயைத் திறப்பது போல மெயின் ரோட்டில் இருபதடி உயரத்துக்கு பேனர் வைத்தார். தண்ணீரைத் தலைவர் கொண்டுவந்துவிட்டதால், அதைக் கொண்டுவந்த குற்றத்துக்காக வடிவுக்கு மெமோ கொடுக்க முடியாமல் போயிற்று. எனவே, அலுவலக நேரத்தில் வாசலில் செருப்பை ஒழுங்கில்லாமல் விட்டதற்காக அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடித்துக்கொள்ளப்படுவதாகத் தேவசகாயம் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி நாளன்று அவள் ஐந்தே முக்காலுக்கு வந்தாள், கம்ப்யூட்டரைப் போட்டாள். ஒருவர் மட்டும் வந்தார். வால்வைத் திறந்துவிட்டு வந்து மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

“நான் இன்னையோட போறேன்” என்றாள் வடிவு. “உங்களுக்கு ஏதாவது வேணுமா?”

அவர் எண்ணுவதை நிறுத்தினார். அவளுக்குத் தெரிந்து அதை அவர் நிறுத்தியதே இல்லை.

“அந்தத் தண்ணி எங்க போவுதுன்னு ஒரு தடவை பாக்கணும்.”

அவள் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். வெளிச்சத்துக்குக் கண் கூசியது அவருக்கு. தெருமுனைக் குழாயடியில் முப்பது குடங்கள் நின்றன, பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், கட்டுப்போட்ட கையோடு லூர்தம்மாள் மற்றக் கையால் தவலையை நகர்த்திக்கொண்டிருந்தாள், குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. அவர் வாயைத் திறந்தபடி அதற்கு நேராக நடந்துபோனார்.

“யாருவே நீரு, உம்ம பாட்டுக்கு உள்ள வாரீரு?” என்று ஒருத்தி அதட்டினாள். “வரிசையில வாரும்!”

அவர் மரியாதையாகப் பின்னால் போய்க் கடைசியில் நின்றார். வடிவு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஏழு மணி ஆனது. தண்ணீர் நிற்கவில்லை. ஏழரை ஆனது. என்ன இன்னைக்கு நிறுத்தாம விடுதான் என்று பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள், அண்டாக்களை எடுத்துவர வீட்டுக்கு ஆள் விட்டார்கள். எட்டு மணி வாக்கில் அவருடைய முறை வந்தது.

“கொடம் எங்கவே?” என்றாள் லூர்தம்மாள்.

“கொண்டு வரலை தாயி.”

“கொடமில்லாம தண்ணி பிடிக்க வந்திருக்காரு பாருங்கடி!” என்று அவள் சொன்னதும் வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். குனிந்து, இரண்டு கையையும் குவித்து ஏந்தி, வயிறு நிறையக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. பிறகு நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரை மூடுவதற்காக அலுவலகத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.